அத்தைக்காக மாற்றிய பின் ஷாக்

வண்டியின் பின்பக்கம் குதிக்கிற குதியைப் பார்த்தே ஸ்பிரிங் போச்சா, ஆயில் போச்சா என்று சொல்லிவிடுவேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். இன்று ஆரணியில் என் ஒர்க்‌ஷாப்பைத் தேடி வேலூரிலிருந்தும் வண்டி வருகிறது. முதல் வேலையைப் பத்து வயதிலேயே செய்தேன் என்றால் யாரும் நம்புவதில்லை. செய்தேன்.

என் அத்தை, அப்பாவின் தங்கை, ஒருநாள் தான் வாழ்க்கைப்பட்ட சேத்துப்பட்டிலிருந்து பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினாள். கையில் ஒரு பை. மாமா கூப்பிட வருவார் என்று பார்த்தோம், வரவில்லை. "ஊர்ல கேட்டுகினு இருக்காங்க. நானே வண்டில கொண்டுபோய் உட்டுட்டு வரேன்" என்றார் அப்பா. அது அவர் நெய்த சேலைகளைக் கட்டி எடுத்துப்போகிற பழைய மோட்டார் பைக். பட்டுக்கு முதுகுத்தண்டு கிடையாது, அதனால் பின்சக்கரக் குலுக்கலைத் தாங்குகிற ஷாக் போனதை யாரும் கவனித்ததில்லை.

"அதுல உக்காந்தா முதுகு தாங்காதுண்ணா" என்றாள் அத்தை.

அவள் தம்பி, என் சித்தப்பா, வண்டி வேலை கொஞ்சம் தெரிந்தவர். "கவலப்படாதக்கா, பெரிய வண்டி ஷாக்கா மாட்டிடறேன்" என்று பழசைக் கழற்றினார். கழற்றியவர் அவசரமே படவில்லை. புஷ் சரியில்லை என்றார், போல்ட் சேரவில்லை என்றார். அப்பா பேஜாராகி, "ஜல்தியா முடிடா" என்று கத்திய பிறகுதான் மாட்டினார். வண்டி முன்னைவிட மோசம். கட்டையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

நான் குனிந்து பார்த்தேன். ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வளையம். அதைத் திருப்பத் திருப்ப ஸ்பிரிங் இறுகும். மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு வைப்பதுபோலக் கடைசிப் படிவரை இறுக்கியிருந்தார் சித்தப்பா. இவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு, அவர் டீ குடிக்கப் போன சமயம் ஸ்பேனரை மாட்டிக் காலால் உதைத்து இரண்டு பக்கமும் தளர்த்திவிட்டேன்.

அப்பா ஒரு சுற்றுப் போய் வந்து, "தொட்டில் மாதிரி போவுதுடா" என்று என்னைத் தட்டிக்கொடுத்தார். சித்தப்பா முகம் செத்துப்போனது. பொறாமை என்று வைத்துக்கொண்டேன்.

அத்தை பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். தெருமுனைகூடத் தாண்டவில்லை, வண்டி திரும்பி வந்தது.

"இன்னும் வலிக்குதாம்" என்றார் அப்பா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் வேலையைக் குறை சொன்னால் இன்றைக்கும் அப்படித்தான். "வண்டி மேல ஏன் அத்தை பழி போடறீங்க? பஸ்ஸ விட்டு எறங்கன அன்னிக்கே குனிய முடியாமதான வந்தீங்க? உங்க செருப்ப நான்தான கழட்டி உட்டேன்?"

அத்தை முந்தானையை இழுத்து முதுகை மூடிக்கொண்டாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சித்தப்பாவிடம், "உனக்குத் தெரியுமாடா?" என்றார். அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

அப்பா அத்தையின் பையை வாங்கி அம்மாவிடம் கொடுத்தார். "ஷாக்கக் கழட்டிடுடா. எவனாவது கேட்டா வண்டி ரிப்பேர்ல கீதுன்னு சொல்லு."

"எப்ப சரியாவும்னு கேட்டா?" என்றார் சித்தப்பா.

"ஆவாதுன்னு சொல்லு."

நான் சரிசெய்து நன்றாக ஓடிய வண்டியை இரண்டு பேரும் சேர்ந்து கழற்றினார்கள். வேலை தெரியாத ஜனங்கள் என்று எல்லோர் மேலும் கோபித்துக்கொண்டு, அன்றைக்கு நான் சாப்பிடாமலே படுத்தேன்.