பின்னால் நின்றவர்

என் கணவர் சிங்கப்பூருக்குத் திரும்ப இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. எங்கள் ஊர் மீமிசலிலிருந்து கிளம்பி, புதுக்கோட்டைப் பக்கம் உள்ள ஒரு தீம் பார்க்குக்குப் போயிருந்தோம். அங்கே மாடி உயரத்துக்கு ஒரு சிமென்ட் யானை. உச்சி வெயிலிலும் அதைச் சுற்றி அத்தனை கூட்டம்.

கணவரும் மூத்த மகளும் யானைக்கு முன்னால் நின்றார்கள். நான் இடுப்பில் கைக்குழந்தையோடு, யானை முழுதாகப் படத்தில் விழவேண்டும் என்று போனைத் தூக்கிப் பிடித்தபடி பின்பக்கமாகவே நகர்ந்தேன். என் முதுகு யாரோ ஓர் ஆள்மேல் இடித்தது. சற்று விலகினேன். அங்கேயும் அவரே வந்து நின்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"பொம்பளை நிக்கிற எடத்துல ஒங்களுக்கு என்ன வேலை? அங்கிட்டுப் போங்க!" என்று ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "பின்னாடி பள்ளங்க. கையில பிள்ளையோட வாரீங்களேன்னுதான் நின்னேன்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் ஓரடியில், தண்ணீரில்லாத ஆழமான தொட்டி. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

"பரவால்லங்க. நீங்க போட்டோ எடுங்க, நான் நிக்கிறேன்" என்று மறுபடி அதே இடத்தில் நின்றுகொண்டார்.

அந்தப் படத்தைக் கணவர் சிங்கப்பூரில் தன் போன் முகப்பில் வைத்திருக்கிறார். பார்க்கிறவர்கள் யானையைப் பற்றித்தான் கேட்கிறார்களாம். எனக்கோ, படத்தில் இல்லாத, பெயர்கூடத் தெரியாத அந்த அண்ணன்தான் தெரிகிறார்.