குருவம்மாள் எழுதிய ரெண்டு

ஏழாயிரம்பண்ணையிலிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் முழுசும் ஓடிவிடும். குருவம்மாள் நாலு வருஷமாகப் போய்வந்துகொண்டிருந்தாள். அதற்கு முந்தி ஒன்பது மாதம் உள்ளூரில் யாரோ ஒரு டாக்டர் குடல் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார். மூத்திரம் சிவப்பாகப் போனதுதான் மிச்சம். அப்புறம்தான் மதுரையில் குழாய் விட்டுப் பார்த்து, இது கிரோன் நோய் என்றார் டாக்டர் ஸ்ரீமதி. குடலைப் புண்ணாக்கும், அடங்கும், மறுபடி கிளம்பும், அடியோடு போகாது.

அடங்கியிருக்கிறதா, கிளம்பிவிட்டதா என்று பார்க்க ஒரு நோட்டு போடச் சொன்னார். தினமும் எத்தனை தடவை வயிற்றால் போனது, வலி எப்படி, உடம்பு எப்படி என்று எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும், சின்ன டப்பாவில் மலமும் கொடுக்க வேண்டும். குடல் புண்ணாக இருந்தால் மலத்தில் ஒரு அளவு ஏறிக் காட்டும்.

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் எழுதினாள். ஏழு, எட்டு, ஆறு. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்ததும் மூன்றாகி, ரெண்டாகி இறங்கியது. ஆனால் முகம் உப்பிப்போனது. "வீட்ல நல்ல தீனியோ?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டார்கள். மாத்திரையை நிறுத்தி முகம் பழையபடி ஆக ஆறு மாதம் பிடித்தது.

இந்த ஆடியில் வலி மறுபடி வந்தது. பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிற வேலை அவளுக்கு. கக்கூஸ் கடைசி ஷெட்டுக்கும் அப்பால், வேலிக்கருவைப் புதருக்குள் இருந்தது.

"என்ன குருவம்மா, இன்னைக்கு எத்தனாவது தடவை?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார் போர்மேன் காளிராஜ்.

அன்று சாயங்காலம் நோட்டில் எட்டு என்று எழுதினாள். உப்பின முகம் ஞாபகம் வந்தது. அதை அடித்துவிட்டு ரெண்டு என்று எழுதினாள். வலி, இல்லை. மறுநாளும் அதேதான். வேலை நேரத்தில் போகாமலிருக்க மத்தியானச் சாப்பாட்டை விட்டாள்.

"எம்புட்டு எளைச்சுட்டே!" என்றான் புருஷன் கோட்டைச்சாமி.

"வெயிலு" என்றாள்.

புரட்டாசியில் நோட்டைப் பார்த்த டாக்டரிடமும் ரெண்டு தடவைதான், வலி இல்லை என்றே சொன்னாள். எடை அஞ்சு கிலோ குறைந்திருந்தது. டப்பாவை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். நாலாம் நாள் உடனே வரச்சொல்லி போன் வந்தது. கோட்டைச்சாமியும் கூடப் போனான்.

"மலத்துல பாத்த அளவு போன தடவை தொண்ணூறு. இப்போ ஆயிரத்து இருநூறு" என்றார் ஸ்ரீமதி. "சிலருக்கு வலியே தெரியாம உள்ளே புண்ணு இருக்கும். உங்களுக்கும் அப்படியா? நெஜமாவே ரெண்டு தடவைதானா?"

குருவம்மாள் கோட்டைச்சாமியைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"எண்ணி எண்ணி அலுத்துப்போச்சு டாக்டரம்மா. எட்டுன்னு எழுதுனா அந்த மாத்திரையத்தான மறுபடி தருவீக."

டாக்டர் நோட்டை மூடி வைத்தார். "அந்த மாத்திரை வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. வேற மருந்து இருக்கு. எனக்கு உள்ளதைச் சொன்னாத்தானே எதை மாத்துறதுன்னு தெரியும்?"

வெளியே வந்ததும் கோட்டைச்சாமி, "எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா" என்றான்.

ஸ்கேனில் சிறுகுடல் ஓரிடத்தில் சுருங்கியிருந்தது. முன்னாலேயே உள்ளதைச் சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாமோ என்னவோ, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ரெண்டு வாரத்துக்கு ஒரு ஊசி ஆரம்பித்தார்கள். தீபாவளி சீசன் அவள் இல்லாமலே முடிந்தது. தை மாதம் அளவு முந்நூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியது. முகம் உப்பவில்லை. ஆனால் சுருங்கின இடம் சுருங்கினபடியேதான் இருந்தது. என்றாவது ஆபரேஷன் வேண்டியிருக்கலாம்.

அவள் வேலைக்குத் திரும்பியதும், நோய் விஷயம் தெரிந்த காளிராஜ் அவளை வாசல் பக்கம் லேபிள் ஒட்டுகிற ஷெட்டுக்கு மாற்றினார். எதுவும் கேட்பதில்லை. இப்போது கேட்பது கோட்டைச்சாமிதான், தினமும் வேலை முடிந்து வந்ததும்.

"இன்னைக்கு எத்தனை?"

சில நாள் சொல்வாள். சில நாள், "நோட்ல இருக்கு, பாத்துக்கிடுங்க" என்று சுவரோரம் சாய்ந்துகொள்வாள்.