மேஸ்திரியின் மடித்துணி

எங்கள் காப்பி எஸ்டேட்டில் பறிப்பு ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரிகளில் முதல் பெண் ஆராயி. அந்த வேலை அவர் கைக்கு வராமல் போக இருந்தது. கெடுக்கப் பார்த்தது வெளியாள் யாருமில்லை, இந்த ரைட்டர் லாசர்தான். முப்பத்திரண்டு வருஷமாக ஆட்களின் வருகையையும் பறித்த காப்பிப் பழத்தின் எடையையும் எழுதுகிறவன் நான். எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு திமிர் வந்துவிடும். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே வந்திருந்தது.

ஆராயிக்கு ஊர் தலைச்சோலை. வயது நாற்பத்தேழு. சொந்தமாக அரை ஏக்கர் சாமைக்காடும் நாலு வரிசைக் காப்பியும் உண்டு. அதுபோகப் பதினாறு வயதிலிருந்து எங்கள் எஸ்டேட்டுக்குப் பறிப்புக்கு வருகிறார். அவர் உடுத்தி வருவதைப் பார்த்துப் புதிய ஆட்கள் இன்னொரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிய கைத்தறிப் பருத்திச் சேலை. ரவிக்கைக்குப் பதில் ஒரு டீ-ஷர்ட். திருப்பூரில் தைக்கிற மகள் ராணி கொடுத்தனுப்பியது, ஏற்றுமதியில் கழித்துப் போட்டது. நெஞ்சில் ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரின் பெயர் இருக்கும். அதற்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. இடுப்பில், பழஞ்சேலையைப் பாதியாகக் கிழித்துக் கட்டிய மடித்துணி. பறித்த பழமெல்லாம் அதற்குள் போகும். அதன் முடிச்சு இடது இடுப்பில் இருக்கும், ஒரே இழுப்பில் அவிழும்.

சேலை விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது. சேலத்துக் கைத்தறிக் கடையில் சேலையின் ஒரு முனையை நனைத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பார். சாயம் ஒட்டுகிறதா, கஞ்சி எவ்வளவு போட்டிருக்கிறார்கள், எல்லாம் அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால், "கட்டப் போறது நானுங்களா நீங்களா?" என்பார். பெட்டியில் பூட்டி வைத்த சேலை அவரிடம் ஒன்றுகூடக் கிடையாது. புதுசு கோயிலுக்கு, நாலு தடவை துவைத்தது காட்டுக்கு, நைந்தது மடிக்கு. மகள் ஜீன்ஸ் போடுவதைப் பற்றி ஒருநாள் நான் வாயைக் கிளறினேன். "அவ மெஷின் முன்னால உக்காந்து தைக்கிறா, அவளுக்கு அது தோதுங்க. எனக்கு இது தோது," என்று பேச்சை முடித்துவிட்டார்.

போன கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்னால் பழைய மேஸ்திரி பெரியண்ணன் வேலையிலிருந்து நின்றார். அந்த இடத்துக்கு ஆராயியைப் போடலாம் என்று மேனேஜர் கிங்ஸ்டன் முடிவு செய்தார். கிங்ஸ்டன் நல்ல பிள்ளை, வேலையில் சுத்தம். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். எங்கள் காப்பியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, ஆட்களுக்குப் பாதுகாப்பு உடை வேண்டும் என்று கேட்டிருந்தது. இவர் உடனே, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பாகத் தைத்து முன்னால் ஜிப் வைத்த பச்சை பாலியஸ்டர் துணி இருபது வரவழைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை கம்பெனி ஆள் பார்வையிட வரும்போது மேஸ்திரி அதைப் போட்டுக்கொண்டு முன்னால் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

"போட்டுப் பாத்துட்டுச் சொல்றேனுங்க," என்றார் ஆராயி. சொன்னபடி அவரும் கூடப் பறிக்கும் பெண்களும் இரண்டு நாள் போட்டார்கள். புதன்கிழமை சாயங்காலம் கருத்துக் கேட்கும் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு நான் போனேன்.

"ஏனுங்க ரைட்டரே, இத மாட்டிக்கிட்டு பொம்பளைங்க ஒண்ணுக்குப் போறது எப்படிங்க?" என்றார். "சேலைன்னா ஒரு செடி மறைவு போதும். இத கழுத்துல இருந்து முழங்கால் வரைக்கும் உரிக்கோணும். நடுக்காட்டுல உரிச்சுட்டு நிக்க முடியுங்களா? ரெண்டு நாளா நாங்க யாரும் தண்ணியே குடிக்கலீங்க. எனக்கு இன்னிக்கு நொம்பத் தலை சுத்திப் போச்சு."

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. கூச்சம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். "இதையெல்லாம் ஃபாரத்துல எழுத முடியுமா ஆராயி?"

"எழுத முடியாதத நாங்க அனுபவிக்க மட்டும் முடியுங்களா? அப்புறம் முசுறு வேற இருக்குதுங்க."

முசுறு என்றால் காப்பிச் செடியிலும் பலா மரத்திலும் இலையைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. "எறும்புக்குப் பயந்தா காப்பிக் காட்டுல வேலை ஆகுமா? நாளைக்கு நானே போட்டுக் காட்டறேன்," என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு வந்தேன். ஃபாரத்தில் 'குறை எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜர் மேசையில் வைத்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை, பழையபடி சேலைக்கே திரும்பிப் பறித்துக்கொண்டிருந்த பதினைந்து பெண்களுக்கு முன்னால் பச்சை உடுப்போடு போய் நின்றேன். கையைத் தூக்கினேன், குனிந்தேன், நிமிர்ந்தேன். பிறகு பலா மரத்தடியில் ஒரு செடியை நோக்கி வீராப்பாக நடந்தேன்.

"அந்தச் செடி வேண்டாங்க, மேல கூடு தொங்குது!" என்று ஆராயி கத்தினார்.

என்னைத் தடுக்கத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். கிளையைப் பிடித்து வளைத்தேன்.

கழுத்து வழியாகத்தான் இறங்கின. நெஞ்சு, முதுகு, அதற்குக் கீழே. ஜிப்பை இழுத்தேன், பாதியில் துணியைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. உதறவும் வழியில்லை, கழற்றவும் வழியில்லை. ஐயோ சாமி, ஐம்பத்தெட்டு வயதில் நான் ஆடிய ஆட்டம்! பெண்கள் சிரித்த சிரிப்பு தள்ளி இருக்கும் கரடியூர் வரைக்கும் கேட்டிருக்கும். ஆராயிதான் ஓடிவந்து இரண்டு கையாலும் பிடித்து ஜிப்பைக் கிழித்தார். அடுத்த நொடி இடது இடுப்பில் ஒரே இழுப்பு. மடியிலிருந்த பழமெல்லாம் தரையில் கொட்டியது. துணி என் மேல் வந்து விழுந்தது.

"சுத்திக்கங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "சிரிச்சது போதும், கீழ கெடக்கற பழத்தப் பொறுக்குங்கடி!"

மரத்துக்குப் பின்னால் போய் உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அந்தத் துணியைச் சுற்றிக்கொண்டேன். பல வருஷம் துவைத்த பருத்தி. எரிகிற தோலில் அது உறுத்தவே இல்லை. அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நான் இரண்டு நிமிஷம் கழற்ற முடியாமல் துடித்த உடுப்புக்குள் இவர்கள் இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். நான் குறை இல்லை என்று எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வரியால் ஆராயி இதைச் சகிக்க வேண்டும், இல்லையென்றால் மேஸ்திரி வேலையை இழக்க வேண்டும். வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது.

பனியனும் மடித்துணியுமாக ஆபீசுக்குள் நுழைந்தேன். மேனேஜர் வாயைத் திறப்பதற்கு முன்னால், "நான் கொடுத்த ஃபாரம் பொய் சார். திருப்பிக் குடுங்க," என்றேன். பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்: 'இந்த உடையில் பெண்கள் சிறுநீர் கழிக்க முடியவில்லை. எறும்பு உள்ளே புகுந்தால் வெளியேற்ற முடியவில்லை. இரண்டாவதற்கு நானே சாட்சி.'

படித்துவிட்டு கிங்ஸ்டன் தலையில் கை வைத்தார். "நாளைக்கு அவங்க வராங்க லாசர். நான் என்னத்தக் காட்டுவேன்?"

"ஆராயியக் காட்டுங்க சார்."

வெள்ளிக்கிழமை வந்தவர் ஜெஸ்லின் என்ற பெண், கம்பெனியின் பெங்களூர் ஆபீசிலிருந்து. பேண்ட், ஷூ, கையில் பட்டியல். ஆராயி சேலையும் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டுமாக முன்னால் நின்றார்.

"பாதுகாப்பு உடை எங்கேங்க?" என்று ஜெஸ்லின் கேட்டார்.

"இதுதானுங்க," என்றார் ஆராயி. கையை நீட்டிச் சட்டையைக் காட்டினார், தலைத்துண்டைக் காட்டினார். முடிச்சை இழுத்தார், மடி அவிழ்ந்து விழுந்தது. "நீங்க கேட்டது பாதுகாப்புங்க. பச்சை உடுப்பு வேணும்னு நீங்க கேக்கலீங்கல்ல?" பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "ஆம்பளைங்க எல்லாரும் கொஞ்சம் ஜீப்புப் பக்கம் போங்க. நாங்க பொம்பளைங்க பேசோணும்."

மேனேஜரும் நானும் போனோம். கால் மணி நேரம் ஜீப்பில் சாய்ந்துகொண்டு பனியைப் பார்த்தோம். நடுவில் ஒரு பெரிய சிரிப்பு கேட்டது. என் கதையாகத்தான் இருக்கும்.

திரும்பி வந்தபோது ஜெஸ்லின் எழுதிக்கொண்டிருந்தார். பாதுகாப்பு உடை என்ற இடத்தில் பருத்திச் சேலை, முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு, அவிழ்க்கும் மடி. அதற்குக் கீழே தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்: பறிப்புக் காட்டில் பெண்களுக்குக் கழிவறை கட்ட வேண்டும். கிங்ஸ்டன் அங்கேயே மேஸ்திரியின் விசிலை ஆராயி கையில் கொடுத்தார்.

திங்கட்கிழமை மடித்துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து எடுத்துப் போனேன். ஆராயி வாங்கினார். ஒரு முனையை நனைத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"சோப்பு போகலீங்க ரைட்டரே. இன்னொருக்கா அலசிட்டு வாங்க."

இத்தனை வருஷத்தில் எந்த மேஸ்திரி சொன்னதற்கும் நான் மறுக்காமல் தலையாட்டியதில்லை. "சரிங்க மேஸ்திரி," என்று சொல்லிவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தேன்.