மூன்று கல்லூரிகளும் ஒரு கோச்சும்

ஒரே வாரத்தில் இரண்டு கல்லூரிகளிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பதிமூன்று வருடமாக ஃபுட்பால் கோச்சாக இருக்கிறேன். அதுவரை என்னைத் தேடி வந்ததெல்லாம் லோன் வேண்டுமா என்று கேட்கிற அழைப்புகள்தான்.

ஏற்கெனவே நான் ஒரு கல்லூரியில் இருந்தேன். நெய்வேலி டவுன்ஷிப்பில் பிளாக்குகள் முடிகிற ஓரத்தில் இருக்கிறது. பதினோரு மாத கான்ட்ராக்ட். பன்னிரண்டாவது மாதம் போய் நின்றால் வாட்ச்மேனே, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்பார். அடுத்த மாதம் மறுபடியும் கையெழுத்து, மறுபடியும் வணக்கம். கிரவுண்டில் புல் கிடையாது, நெருஞ்சி முள் உண்டு. அணியைப் பற்றிச் சொல்வதென்றால், மண்டலப் போட்டிக்கு நாங்கள் கிளம்புகிற அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு என் மனைவி எனக்கும் சேர்த்தே உலை வைத்துவிடுவாள். ஒரு தடவைகூட அந்தச் சோறு மிஞ்சியதில்லை.

வந்த அழைப்புகளில் ஒன்று நெல்லிக்குப்பம் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியிலிருந்து. தலைமைப் பயிற்சியாளர் வேலை. தனி அறை, கதவில் பெயர்ப்பலகை, இரண்டு வருடத்தில் பர்மனென்ட். எல்லாவற்றுக்கும் மேலாக, புல் முளைத்த கிரவுண்ட். இன்னொன்று விழுப்புரம் தாண்டி. அங்கே சேர்ந்த அன்றைக்கே பர்மனென்ட். காலையில் கேட்டில் நின்று யார் ஷேவ் செய்யவில்லை, யார் சட்டையை இன் பண்ணவில்லை என்று பார்க்க வேண்டும். சாயங்காலம் காலேஜ் பஸ்களை வரிசையாக அனுப்பிவைக்க வேண்டும்.

"ஃபுட்பால் டீம் இருக்குங்களா சார்?" என்று போனில் கேட்டேன்.

"பந்து இருக்குங்க. ரெண்டு" என்றார் முதல்வர்.

என் அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்து பக்கத்து ஊரான வடக்குத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். உலகத்தில் அவருக்கு இரண்டே ஜாதிதான், பர்மனென்ட், கான்ட்ராக்ட். யாராவது இறந்துபோனதாகச் செய்தி வந்தால்கூட, எப்படி இறந்தார் என்று கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார். மூன்று கல்லூரிகளையும் அவர் ஒரு சாயங்காலம் முழுக்க எடைபோட்டார். குவார்ட்டர்ஸ் உண்டா, பஸ் உண்டா, கேன்டீனில் இட்லி எப்படி, ஷிஃப்ட் மாறுமா என்றெல்லாம் விசாரித்தார். புல்லைப் பற்றி நான் சொன்னபோது மட்டும், "நீ இன்னா மாடாடா?" என்றார்.

அவருக்கு விழுப்புரம்தான் பிடித்திருந்தது.

"டீமே இல்லாத எடத்துல நான் என்னப்பா கோச்?" என்றேன்.

"டீம் இருந்தாதானே தோப்பே? தோத்தாதானே வூட்டுக்குப் போன்னுவான்? இல்லாத டீமு எப்பிட்றா தோக்கும்? நீ பாட்டுக்கு கேட்டாண்ட நின்னுகினு இருக்கலாம், ரிட்டயர் ஆவுற வரைக்கும்."

யோசித்துப் பார்த்தேன். வாதத்தில் ஓட்டையே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

விழுப்புரத்தில் திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். நெல்லிக்குப்பத்தில் சனிக்கிழமை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை காரியம் நடக்காவிட்டால் திங்கட்கிழமை விழுப்புரம் பஸ் ஏறிவிடுகிறேன் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு மத்தியானம் தவறினால் ஃபுட்பாலோடு எனக்கிருந்த சம்பந்தம் முடிந்தது. மிச்ச காலமெல்லாம் தாடிதான், அதுவும் அடுத்தவன் தாடி.

என் கல்லூரியில் ஜுரம் என்று லீவு சொல்லிவிட்டு நெல்லிக்குப்பம் போனேன். கிரவுண்டைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு கொஞ்ச தூரம் நடந்தேன். ஒரு முள்கூடக் குத்தவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வயதில் புல்லைப் பார்த்து அழுதவன் என்று பெயர் வாங்க வேண்டாமே என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கல்லூரித் தாளாளர் வெள்ளை வேட்டியில் வந்தார். மரியாதையான மனிதர். "இன்னிக்கு ஒரு ஃப்ரெண்ட்லி மேட்ச் வெச்சிருக்கோம் சார். நம்ம பசங்கள நீங்கதான் நடத்தறீங்க. ஜெயிச்சிட்டீங்கன்னா ஆர்டரைக் கையோட வாங்கிக்கினு போயிடலாம்" என்றார்.

"எதிர் டீம் யாருங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் வேன் ஒன்று உள்ளே வந்து நின்றது. அதிலிருந்து என் பையன்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். நான் லீவில் இருந்ததால் எங்கள் முதல்வர் நேராகக் கேப்டனைக் கூப்பிட்டு அனுப்பிவைத்திருக்கிறார். கேப்டன்தான் கோல்கீப்பரும். அவன் என்னிடம் வந்து பவ்யமாக, "சார், ஜொரம் தேவலைங்களா சார்?" என்றான்.

"பரவால்லடா" என்றேன். வேறென்ன சொல்ல?

மேட்ச் மூன்று மணிக்கு ஆரம்பித்தது. நான் புதுப் பையன்கள் பக்கம் நின்றேன். என் பழைய அணியின் ஓட்டைகள் அத்தனையும் எனக்கு அத்துப்படி. லெஃப்ட் பேக் யாராவது கத்தினால் திரும்பிப் பார்ப்பான். சென்டர் பேக்குக்கு இடது கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் இந்தப் பக்கத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்படியும் இரண்டாம் பாதி வரை கோல் விழவில்லை.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கிரவுண்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு ஒற்றையடிப் பாதை போகிறது. சுரங்கத்தின் சாயங்காலச் சங்கு ஊதினால் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் டிபன் கேரியரோடு அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவார்கள். பாதிப்பேர் ஆடுகிற பையன்களின் அப்பாக்கள். பந்து யார் மண்டையிலாவது பட்டால் அப்புறம் ஆட்டமே கிடையாது. அதனால் சங்கு ஊதிய நொடியில் எல்லோரும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள். கூட்டம் கடந்து போனதும் விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். நானும் அப்படி உட்கார்ந்து வளர்ந்தவன்தான்.

அன்று சரியாக நான்கு மணிக்கு நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையின் சங்கு ஊதியது.

என் பழைய அணி மொத்தமும் புல்லில் உட்கார்ந்துவிட்டது. பதினோரு பேரும். கேப்டன் கோல்போஸ்ட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பாட்டில் மூடியைத் திருகினான். பந்து இந்தக் கல்லூரி ஃபார்வர்டின் காலில் இருந்தது. அவன் ஃபவுலோ என்று ரெஃப்ரியைப் பார்த்தான். ரெஃப்ரி தோளைக் குலுக்கினார். பையன் ஒன்றும் புரியாமல் பந்தை மெதுவாகத் தட்டிக்கொண்டு ஆளில்லாத கோலை நோக்கி நடக்க ஆரம்பித்தான்.

தனி அறை, பெயர்ப்பலகை, புல், பர்மனென்ட் எல்லாமே அந்தப் பையனோடு சேர்ந்து நடந்துபோய்க்கொண்டிருந்தன. நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு நிற்பது.

"டேய்! எந்திரிங்கடா! இது கரும்பு ஆலை சங்குடா! நம்ம சங்கு இல்லடா! எந்திரிடா!"

கத்தியது நான்தான் என்று தெரிய எனக்கே கொஞ்ச நேரம் ஆனது. கேப்டன் பாட்டிலைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான். பந்தைக் கட்டிப் பிடித்தான், எழுந்தான், ஓங்கி உதைத்தான். இந்தப் பக்கத்து ஆட்கள் கோல்கீப்பர் உட்பட எல்லோரும் வேடிக்கை பார்க்க முன்னால் போயிருந்ததால் பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை. எங்கள் ஃபார்வர்ட் தனியாக ஓடி, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறி தவறாமல் அடித்தான். கோல். நான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு குதித்தேன். இறங்கும்போதுதான் பக்கத்தில் தாளாளர் நிற்பது ஞாபகம் வந்தது.

மேட்ச் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. தோற்பதில் நீண்ட அனுபவமுள்ள என் அணி, தோற்க வேண்டிய ஒரே நாளில் ஜெயித்தது.

"நீங்க இன்னிக்கு எந்தப் பக்கம் சார்?" என்று தாளாளர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். ஆர்டரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. டீ கொடுத்து அனுப்பிவைத்தார்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கத் தெம்பில்லாமல் பையன்களோடு வேனில் ஏறினேன். ஜெயித்த அணி பாட்டுப் பாடிக் கூரையைத் தட்டும் என்று நினைத்திருந்தேன். சத்தமே இல்லை. இழவு வீட்டுக்குப் போகிறவர்களைப் போலத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் கேப்டன் என் பக்கத்து சீட்டுக்கு வந்தான்.

"ஏன் சார் எழுப்புனீங்க?" என்றான்.

"அறிவில்லயாடா? எந்த ஊருச் சங்குக்கு எங்கடா உக்கார்றீங்க?"

"அது மில்லு சங்குன்னு தெரியாதாங்க சார்? அந்த ஊருதான் எங்க மாமா வூடு. நாலு மணிக்கு ஊதும்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன்."

"எதுக்குடா?" என்றேன்.

"உங்கப்பா பால் பூத்துல எல்லாத்தையும் சொல்லிட்டாருங்க சார். அதே நாளு அங்கயே மேட்ச்சுன்னதும் அது உங்களுக்கு வெச்ச பரீட்சைன்னு புரிஞ்சிருச்சி. சும்மா தோத்தா நீங்க கண்டுபிடிச்சிருவீங்க, திட்டுவீங்க. அதான் சங்குக்காகக் காத்துகினு இருந்தோம். நீங்க கத்துனதும் உடம்பு தானா எந்திரிச்சிருச்சி சார்." கூடவே இதையும் சொன்னான். "எங்கப்பா நான் பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து மைன்ஸ்ல கான்ட்ராக்ட்டுதாங்க சார். நீங்களாவது பர்மனென்ட் ஆவட்டும்னு பாத்தோம்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே கரும்புதான் இருந்தது. வடக்குத்து வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த அளவுக்கு என்னை யாரும் நினைத்திருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

திங்கட்கிழமை விழுப்புரம் பஸ்ஸில் நான் ஏறவில்லை. அப்பாவிடம் வேனில் நடந்ததைச் சொன்னேன். "பைத்தியக்காரப் பசங்க. நீ அதுக்கு மேல" என்றார். அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்தப் புல்லை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் எங்கள் கிரவுண்டில் பையன்களை வரிசையாக நிறுத்தி, ஒரு மேட்ச்சை விட்டுக்கொடுக்கத் திட்டம் போட்டதற்காகப் பத்து ரவுண்டு ஓடச் சொன்னேன்.

"உங்களுக்காகத்தானங்க சார் செஞ்சோம்?" என்றான் கேப்டன்.

"அதனாலதான்டா பத்து. இல்லாட்டி இருபது. ஓடு."

ஓடினார்கள். நடுவில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். நான்காவது ரவுண்டுக்கு மேல் என்னால் அப்படி நிற்க முடியவில்லை. விசிலைப் பையில் போட்டுக்கொண்டு, நானும் கடைசி ஆளுக்குப் பின்னால் ஓட ஆரம்பித்தேன்.