காரணம் எழுதாத நான்கு நிமிடங்கள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். ராகு காலத்தில் தாலி கட்டி நாற்பத்தோரு வருடம் நன்றாகத்தான் குடும்பம் நடத்துகிறேன். திருச்சிப் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு வண்டி நிற்கக் கூடாத இடத்தில் இரண்டு நிமிடம் நின்றால்கூட நேரம், இடம், காரணம் மூன்றையும் எழுதியாக வேண்டிய வேலை அது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. எங்கே போனாலும் சட்டைப்பையில் ஒரு நோட்டு, அதில் அதே மூன்று கட்டம்.

இதை எழுதுவது உங்களைப் பயமுறுத்த அல்ல. எனக்குக் கோபம். இலங்கையில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கும் செல்வம் என்ற வேன் டிரைவரை அவனுடைய சொந்த ஜனங்களே பொய்யன் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அவன் பொய் சொல்லவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். (அவன் பெயரை மாற்றியிருக்கிறேன், தேதியை எழுதாததும் அவனுக்காகத்தான்.)

2022இல், இலங்கையில் பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஜனங்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற மாதங்களில், நான் மலைநாட்டு ரயில் நிலையங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்க நுவரெலியாவில் இருந்தேன். இந்த நேரத்தில் போகாதீர்கள் என்று மகன் சொன்னான், டிக்கெட் எடுத்தாயிற்று என்றேன். அந்த வகையில் என்மேலும் எனக்குக் கோபம் உண்டு. திரும்ப வேண்டிய நாளில் ரயில் ஓடவில்லை, மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு என்றார்கள், மறுநாள் காலை விமானம். பணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு என்னை அனுப்பிய பயண ஏற்பாட்டுக்காரர் போனை அணைத்துவிட்டார். ஆறு மணிக்குள் ஹட்டன் வந்துவிட்டால் அங்கிருந்து விமான நிலையம் போகும் வேனில் ஓர் இடம் இருக்கிறது என்று விடுதிக்காரர் சொல்லி, செல்வத்தைப் பிடித்துத் தந்தார்.

நான் வழக்கம்போல் பின்கதவைத் திறக்கப் போனேன். செல்வம் தடுத்தான்.

"சார், முன்னுக்கு வந்து ஒக்காருங்க. ஒங்க மொகம் தெரியணும். பின்னால இருந்தா எவனோ பெரிய ஆளு தப்பிச்சு ஓடுறான்னு நெனைப்பாங்க. போன வெளிய எடுக்காதீங்க, போட்டோ வேணவே வேணாம். பாஸ்போட்டையும் டிக்கெட்டையும் மேல் பையில வைங்க."

அந்த ஏற்பாட்டுக்காரர் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு டிரைவர் அரை நிமிடத்தில் சொல்லி முடித்தான். என் ஒரே பையை மடியில் வைத்துக்கொண்டேன். பின்னிருக்கையில் ஒன்றும் இல்லை. ஒரு துண்டுகூட இல்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2.10, கிளம்பினோம். 2.35, நானுஓயாவில் பொலிஸ் நிறுத்தியது. ஓர் அதிகாரி குனிந்து முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார், வண்டியில் போகிறவர்கள் விவரத்தை ஒரு தாளில் சிங்களத்தில் எழுதி முத்திரை குத்தி என்னிடம் நீட்டினார். "மெதுவா போங்க, பாதை நல்லா இல்ல" என்றார் தமிழில். நான் மடித்துப் பையில் வைத்தேன். எனக்குச் சிங்களம் படிக்கத் தெரியாது.

3.40, தலவாக்கலை தாண்டி ஒரு வளைவில் டயர் எரிந்துகொண்டிருந்தது. பனிமூட்டத்தோடு அந்தப் புகையும் சேர்ந்து இருபதடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நூறு பேருக்கு மேல் இருப்பார்கள், பாதிப் பேர் பெண்கள், வெறும் மண்ணெண்ணெய்க் கேன்களைப் பாதையில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். எல்லாரும் செல்வத்துக்குத் தெரிந்தவர்கள்.

"டீசலு எங்கருந்துடா செல்வம்? மாமியா வூட்டு கெணத்துல ஊறுதா?"

"அண்ணே, இவரு இந்தியாவுலருந்து வந்தவரு. நாளைக்கு பிளேன்."

"நாங்களும் இந்தியாவுலருந்து வந்தவங்கதான். எங்களுக்கு ஒரு பிளேனும் வரலியே!"

எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் ஒருவரும் நகரவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அடுப்பு எரிய வழியில்லாதவர்கள் வேறு எங்கே போய் நிற்பார்கள்? அரை மணி நேரம் நின்றோம். அப்போது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், பெயர் புஷ்பம் என்று பிறகு தெரிந்தது, என் பக்கமாக வந்து பின் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். பார்த்தவள் அப்படியே கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"ஏய், வழிய விடுங்கடா! உள்ளுக்குப் புள்ளத்தாச்சி இருக்கு! நேரம் வந்த புள்ள மாதிரி இருக்கு!"

செல்வம் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். வயசானவனைப் பனியிலும் புகையிலும் காக்க வைக்க வேண்டாமென்று அந்த அம்மாளே ஒரு சாக்குச் சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்திருக்கிறான். நாங்கள் இருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் குற்றம் என்று ஒன்று உண்டென்றால் அந்த மௌனம்தான். பக்கக் கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது: புஷ்பம் தன் பையிலிருந்து பால் சேர்க்காத பிளேன் டீ நிரம்பிய ஒரு பாட்டிலை எடுத்துப் பின் ஜன்னலுக்குள் கையை நீட்டினாள். கை வெறுமையாக வெளியே வந்தது. கேன்களை எட்டி உதைத்து வழி செய்தார்கள்.

4.15க்கு அங்கிருந்து நகர்ந்தோம். 5.10க்கு ஹட்டன்.

பஸ் நிலையத்தில் இறங்கியதும், திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று செல்வம் பாட்டிலை எடுக்கப் பின்கதவைத் திறந்தான். அத்தனை வளைவுகளுக்குப் பிறகும் அது இருக்கையில் நேராக நின்றுகொண்டிருந்தது. மூடி இறுகியிருந்தது. டீ பாதிதான் இருந்தது.

"சார், நீங்க குடிச்சீங்களா?"

நான் குடிக்கவில்லை. முன்னால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தவன் பின்னால் போய் எப்படிக் குடிப்பேன்? அதற்குள் ஓர் ஆள் மூச்சிரைக்க ஓடி வந்தான். புஷ்பத்தின் தம்பி, ஹட்டனில் ஆஸ்பத்திரி வேலை. அக்கா போன் பண்ணினாளாம், இவன் தள்ளுவண்டியோடு ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தானாம், வேன் வராததால் தேடி வந்திருக்கிறான். உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அந்தப் புள்ள எங்க?"

"அப்படி யாரும் வரலண்ணே" என்றான் செல்வம்.

அவ்வளவுதான். கத்தியது புஷ்பம் என்பதையே விட்டுவிட்டு, அன்றிரவே செய்தி தோட்டத்துக்குப் போய்விட்டது: வெளிநாட்டுக்காரன் கொடுத்த காசுக்காகப் புள்ளத்தாச்சி என்று பொய் சொல்லிச் சொந்த ஜனத்தையே ஏமாற்றினான் செல்வம். அவன் வேனில் இப்போது தோட்டத்து ஆள் எவரும் ஏறுவதில்லை. லோன் போட்டு வாங்கிய வேன், இரண்டு பிள்ளைகள்.

ஊருக்கு வந்ததும் நான் சும்மா இருக்கவில்லை. வேனில் இருந்தது இரண்டே பேர் என்பதற்குச் சாட்சியாக அந்தப் பொலிஸ் தாளைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். அவனுக்குச் சிங்களம் படிக்கத் தெரியும். வெகுநேரம் கழித்துப் போன் வந்தது.

"சார், இதுல மூணு பேருன்னு எழுதியிருக்கு. சாரதி, வெளிநாட்டுக்காரர், பொம்பள ஒண்ணு."

அதைக் காட்டியதும் தோட்டத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? பொலிசிடமும் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்றார்கள்! ஒரு மனிதன் தன் நேர்மையை நிரூபிக்க இதற்குமேல் என்னதான் செய்வது?

போன மாதம் புஷ்பத்திடமே பேசினேன். பனிமூட்டத்தில் ஏதோ நிழலை, என் பையைப் பார்த்து ஏமாந்திருப்பீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு என்னைவிடக் கோபம்.

"பையும் புள்ளத்தாச்சியும் தெரியாதவளா நானு? மூணு பெத்தவங்கய்யா. போத்தல அது கையிலதான் குடுத்தேன். எங்காளுதான், வெரலெல்லாம் கொழுந்துக் கறை. மத்தவங்க சொல்ற மாதிரி நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் சொல்லல. பாதையில எங்க எறக்குனீங்க? அத மட்டும் சொல்லுங்க."

நாங்கள் வழியில் எங்கும் நிற்கவில்லை என்றேன். செல்வமும் சத்தியம் செய்கிறான், எங்கும் பிரேக்கே பிடிக்கவில்லை என்று. எனக்கும் நின்றதாக நினைவு இல்லை.

அவனுக்கு ஆதரவாக அன்றைய குறிப்புகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒரே ஒரு பக்கத்தைத் தவிர. கோபத்தில் இத்தனை எழுதிவிட்டு அதை மறைத்தால் நானும் பொய்யன்தான், ஆகவே இங்கே எழுதுகிறேன். என் கையெழுத்து, என் பேனா. நேரம்: 4.38 நின்றது, 4.42 கிளம்பியது. இடம்: இறக்கம், ஒற்றை மரம், இடப்பக்கம் தோட்டப் பாதை. மூன்றாவது கட்டம், காரணம். அதில் ஒன்றும் இல்லை.

வேலையில் இருந்த காலம் முழுவதும் அந்தக் கட்டத்தை நான் ஒரு தடவைகூடக் காலியாக விட்டதில்லை.