உங்கள் கணக்கில் எங்கள் கை

பாங்கில் பணம் எண்ணுவது சுலபம். எடுத்த பணத்துக்குக் காரணம் சொல்வதுதான் வேலை. காஞ்சிபுரத்துக் கிளை ஒன்றில், ‘விசாரணை’ என்று பலகை தொங்கும் மேசையில் பதினெட்டு வருஷமாக அந்த வேலையைத்தான் பார்க்கிறேன். உங்களைக் கேட்காமல் கணக்கில் ஏதோ கழிந்து, நீங்களும் கோபமாக ஒரு மேசை முன்னால் நின்றிருப்பீர்கள். எதிரே அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தவர் என்னைப் போல ஒருவர்தான். என் சம்பளக் கணக்கும் அதே பாங்கில்தான், எனக்கும் கழிகிறது.

சேதி சொன்ன கூலி

மாகறல் விவசாயி ஒருவர் போனை என் முன்னால் நீட்டினார். குறுஞ்செய்தி அனுப்பியதற்குக் கட்டணம் பிடித்திருக்கிறோம் என்று ஒரு குறுஞ்செய்தி. கணக்கு தொடங்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்திலேயே இது இருக்கிறது என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எங்கிட்ட காசு எடுத்தேன்னு எனக்குச் சொல்றதுக்கு, எங்கிட்டயே காசு எடுக்குறியேபா!”

சாட்சி இல்லை, ஜாமீன்

தையற்கடை முனுசாமி, மச்சான் ஷேர் ஆட்டோ வாங்கிய கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தார். மச்சான் தவணையை நிறுத்தினார். பாங்கு முனுசாமியின் சேமிப்பிலிருந்து பாக்கியை எடுத்துக்கொண்டது.

“முன்னாடியே மூணு லெட்டர் அனுப்பினோமே?” என்றேன். “மூணையும் பத்திரமா மச்சான்கிட்டயே குடுத்துட்டேன் சார். பார்த்துக்கறேன்னான்” என்றார். சாட்சிக் கையெழுத்து என்றே நினைத்திருந்தாராம்; ‘ஜாமீன்தாரர்’ என்று இருந்த படிவத்தை எடுத்துக் காட்டினேன். தன் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “போன மாசம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு கல்யாணத்துக்கு சாட்சி போட்டேன் சார். அந்தப் பையன் ஒழுங்கா குடும்பம் நடத்தலன்னா, அதுக்கும் என்னைத்தான் பிடிப்பாங்களா?”

மூன்று மணி நேரப் பணக்காரர்

இது என் தப்பு. கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் மாற்றி அடித்ததில், யாருக்கோ போக வேண்டிய பெரிய தொகை சின்ன காஞ்சிபுரத்து ரிடையர்ட் வாத்தியார் ஒருவர் கணக்கில் விழுந்தது. மத்தியானம் கண்டுபிடித்து, அவரைக் கேட்காமலே திருப்பி எடுத்துவிட்டேன். தவறாக விழுந்ததை அப்படி எடுக்கலாம்.

நாலு மணிக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டேன். “போடறச்சயும் கேக்கலை, எடுக்கறச்சயும் கேக்கலை. அது போகட்டும். ஆத்துல ஏ.சி. வாங்கப் போறோம்னு சொல்லிட்டேன். இல்லைன்னு நீரே வந்து சொல்லிடும்!”

சாயம்

லலிதாம்மா வீட்டில் நெய்கிற சேலைகளைப் போனில் படம் காட்டி விற்பவர். வடக்கே யாரோ ஒருவர் பேரமே பேசாமல் ஒரு சேலை வாங்கினார். அவர் அனுப்பியது வேறொருவரை ஏமாற்றிப் பிடுங்கிய பணம். அந்த ஊர் போலீஸ் கடிதம் அனுப்ப, லலிதாம்மாவின் மொத்தக் கணக்கையும் பாங்கு முடக்கிவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் ஏனாத்தூர் காலேஜில் படிக்கும் மகளுக்குப் பரீட்சைப் பணம் கட்ட வேண்டும்.

“திருட்டுப் பணம்னு எனக்கு எப்படி சார் தெரியும்? நான் அனுப்புனது நல்ல சேலைதான?” என்று அழுதுகொண்டே கேட்டார். போலீஸ் போட்ட பூட்டை நான் திறக்க முடியாது. கணக்கு முடங்கியிருக்கிறது என்று மேனேஜரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்து, காலேஜுக்கு நானே போன் செய்தேன். பத்து நாள் அவகாசம் கிடைத்தது. சேலை பில்லையும் கூரியர் ரசீதையும் அந்த ஊர் போலீசுக்கு அனுப்பினோம். பதில் இல்லை. தினமும் நினைவூட்டினேன், தினமும் லலிதாம்மா வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள், அந்தச் சேலைப் பணத்தை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடச் சொல்லி உத்தரவு வந்தது. பரீட்சைப் பணத்தை அங்கேயே என் எதிரில் போனில் கட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்: “சாயம் போகுமான்னு எல்லாரும் என்னைக் கேப்பாங்க சார். இனிமே அவங்க காசு சாயம் போகுமான்னு நான் கேக்கணும் போல இருக்குது.”

வாடிக்கையாளரைக் கேட்காமல் பாங்கு எத்தனையோ செய்துவிடலாம்; செய்த பிறகு அவர் கேட்பதைக் கேட்காமல் எந்த மேசைக்காரனும் வீடு போய்ச் சேர முடியாது.