நிலம் ஆடினால் புகை பார்க்கும் ஊர்

தாயில்பட்டிப் பக்கம் தரை அதிர்ந்தால் யாரும் நிலநடுக்கம் என்று நினைக்க மாட்டார்கள். வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார்கள். எந்தத் திசையில் புகை எழும்புகிறதோ, அந்தப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு ஓடுவார்கள். அந்த வருஷம் தீபாவளி சீசனில், பத்து நாளைக்குள் நாலு தடவை பூமி நிஜமாகவே ஆடியது. நாலு தடவையும் புகையைத்தான் தேடினோம்.

எட்டு மாதத் தம்பியைப் பார்க்க ஆள் இல்லையென்று ஆறாம் வகுப்போடு என்னை நிறுத்தியிருந்தார்கள். அப்பா லோடு லாரியோடு வடக்கே போயிருந்தார். அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடிகளுக்குள் மருந்து செலுத்துகிற வேலை. சாயங்காலம் அவளைக் கொண்டுவந்து விடும் கம்பெனி வேன் கொஞ்சம் பிந்தினாலே அம்மா செத்துப்போனாள் என்று அழுகிறவள் நான். தரை ஆடினால் சும்மா இருப்பேனா? முதல் மூன்று தடவையும் தம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். கேட்டருகே அம்மா முழுசாக நின்றாள். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

இப்படி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெண்கள் கேட்டுக்கு ஓடிவருவது ஃபோர்மேனுக்குப் பிடிக்கவில்லை. எங்களுக்குச் சித்தப்பா முறை அவர். மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் கேட்டைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார். வெடிமருந்துக்கு நடுவே அறுபது பெண்களை வைத்துப் பூட்டிய மனுஷன். இன்றைக்கும் கல்யாண வீட்டில் அவரைக் கண்டால் பந்தியை விட்டு எழுந்துவிடுகிறேன்.

நாலாவது ஆட்டம் பலமாக வந்தது. தம்பி தொட்டிலில் தூங்கினான். தூக்கிக்கொண்டு ஓடினால் பிந்திவிடும் என்று விட்டுவிட்டு ஓடினேன்.

பூட்டிய கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சல்.

"பூமிதானத்தா ஆடுது, நம்ம மருந்தா வெடிச்சிருச்சு? உள்ள போங்க, லோடு நிக்குது!" என்றார் சித்தப்பா.

"வீட்டுல கைப்பிள்ள கெடக்கு, தொறந்து விடுங்க" என்றாள் அம்மா.

"ஒங்களுக்குத் தொறந்தா எல்லாவளும் போவா மதினி."

அப்போதுதான் அம்மா என்னைப் பார்த்தாள். என் இடுப்பைப் பார்த்தாள்.

"ஏட்டி, தம்பி எங்கட்டி?"

"தூங்குதாம்மா" என்றேன். அவளை உயிரோடு பார்த்த சந்தோஷம் எனக்கு.

அம்மா முள்கம்பி வேலியில் ஏறினாள். சித்தப்பா கத்தினார். சேலை கிழிந்தது, உள்ளங்கை கிழிந்தது. இந்தப் பக்கம் குதித்தவள் என்னைத் தொடக்கூட இல்லை. தாண்டி ஓடினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் தம்பியை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள், தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி ஓடுகள் சரிந்து கிடந்தன. தம்பிக்கு ஒரு கீறலும் இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஓடி வந்தது நான், மடியில் இருப்பது அவனா? அந்த வாரம் முழுக்கச் சித்தப்பாவை விட அம்மாவைத்தான் அதிகம் வெறுத்தேன். அவள் போட்ட சோற்றைத் தள்ளிவிட்டேன். "பெரிய ராங்கிக்காரி" என்று சொல்லிவிட்டு, கட்டுப்போட்ட கையாலேயே அவள் தட்டை எடுத்து வைத்தாள்.

வேலியிலிருந்து குதித்ததும் என்னை உச்சி முதல் கால்வரை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஓடினாள். இரண்டு பிள்ளைகளில் ஒன்று கண்ணெதிரே பத்திரமாக நிற்கிறது என்று தெரிந்ததால்தான் அவளால் என்னைத் தாண்டிப் போக முடிந்தது. அது அப்போது எனக்கு எங்கே தெரிந்தது? அவள் நிற்கவில்லை, அது மட்டும்தான் தெரிந்தது.